டிக்கெட் ஜன்னல் வைத்த வீடு

வீட்டுக்கு பிளான் போட என்னிடம் வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. போனில் ஒரு படத்தோடு வருவார்கள். புளியறை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நடை போய்வந்தவர்கள் சரிவுக்கூரை போட்ட கேரள வீட்டைக் காட்டுவார்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் கண்ணாடி மாளிகையைக் காட்டுவார்கள். ஒருவர் பெரிய ஜவுளிக்கடையின் முகப்பைக் காட்டி, "இதே மாதிரி, ஆனா சின்னதா" என்றார். தென்காசியில் இந்தத் தொழிலில் தலை நரைத்துவிட்டதால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருமே தவிர ஆச்சரியம் வராது. அந்த ஆச்சரியத்தையும் ஒருவர் வரவழைத்துவிட்டார். அவர் நீட்டிய போனில் இருந்தது தென்காசி ரயில்வே ஸ்டேஷன்.

"இதுல உங்க மனை எங்கன இருக்கு?" என்று கேட்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் இடம் வாங்கியிருப்பார் போல என்று நினைத்தேன்.

"மனை குத்தாலம் ரோட்டுல இருக்குக்கா. வீடு இப்படி இருக்கணும்."

என் ஆபீஸ் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கட்டடத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்து எனக்கே காட்டுகிறார் மனிதர். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நாற்பதைத் தாண்டியவர், சவூதியில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிடங்கில் வேலை, வீடு கட்டுவதற்கென்றே நீண்ட லீவு போட்டு வந்திருக்கிறார்.

"மொத மொத இங்கன இருந்துதான்க்கா கிளம்புனேன். அப்பம் மீட்டர்கேஜ். கொல்லம் போயி, அங்கன இருந்து திருவனந்தபுரம், பொறவு பிளேன். லீவுல வந்து எறங்குனதும் இங்கனதான். அங்க ராத்திரி கண்ண மூடுனா பழைய வீடு ஞாபகத்துல வராது. இந்த ஸ்டேஷன்தான் வரும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நியாயமில்லாத ஆசை என்றால் திட்டி அனுப்பிவிடலாம். "சரி, பாப்போம்" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலையில் அவருடைய மனைவி தனியாக வந்தாள். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ஸ்டேஷனக் கண்டாலே எனக்கு ஆவாதுக்கா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அங்கன நின்னு கையாட்டிக்கிட்டு இருக்கேன். நம்ம ஊர்ல போறவன் எவனாவது 'போறேன்'னு சொல்லுதானா? 'வாறேன்'னுதான் சொல்லுதான். என் மச்சானும் 'வாறேன் வாறேன்'னு சொல்லிக்கிட்டேதான் இத்தன வருசமா போறாவ. கடைசிப் பெட்டி மறையுத வரைக்கும் நான் நிப்பேன். பொறவு வீட்டுக்கு வந்து சோறு வடிப்பேன். இப்பம் அந்த ஸ்டேஷனயே வீட்டுக்குக் கொண்டு வாறாவளாம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அடக்கிக்கொண்டேன்.

"இந்த லீவோட போதும், இங்கனயே இருங்கன்னு சொல்லிட்டேன். 'வீடு முடியட்டும், பாப்போம்'ங்காவ. வீடு முடிஞ்சா 'மவ படிப்பு முடியட்டும்'பாவ. லீவு தீருததுக்குள்ள திரும்பலன்னா விசா செத்துப்போவும். அவிய திரும்பத்தான் பாக்காவ. அக்கா, நீங்க வீட்ட எப்படி வேணாலும் கெட்டுங்க. அவிய திரும்பிப் போவாம இருக்க ஒரு வழி வையுங்க. பிளான்ல அதுக்கு எடம் இருக்கா?"

கார் நிறுத்த இடம் கேட்டிருக்கிறார்கள், மாமியார் கண்ணில் படாமல் போன் பேச இடம் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. அவளிடமும் "பாப்போம்" என்றேன். டாக்டர்களும் நாங்களும் இந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

அந்த வாரமே பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, அவரைக் கூட்டிக்கொண்டு, டேப்போடு ஸ்டேஷனுக்குள் போனேன். ஒரு தூணைக்கூட முழுதாக அளந்திருக்க மாட்டேன். ரயில்வே போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"என்னம்மா அளக்கிய?"

"வீடு கெட்டப் போறோம்."

"இங்கனயா?"

நான் விளக்க, அவர் சந்தேகப்பட, வீடு கட்டப்போகிற என் கட்சிக்காரர் போனை எடுத்து அதே படத்தை அவரிடமும் காட்டினார். போலீஸ்காரர் படத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "டேப்ப உள்ள வையுங்க. கண்ணால எவ்வளவு வேணாலும் அளந்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

கண்ணால் அளந்ததில்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது. இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்திருந்தும் நான் அந்த ஸ்டேஷனைப் பார்த்ததில்லை. வண்டியைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதன் சரித்திரம் ஒன்றும் பெரிய புராணமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தண்டவாளம் மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போனது. போகிற வழியில் தென்காசி. அப்போது இது வெறும் ஸ்டேஷன். பிறகு விருதுநகரிலிருந்து சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாக இன்னொரு பாதை வந்து சேர்ந்ததும் ஜங்ஷன் ஆகிவிட்டது. அந்தப் பட்டம் கிடைத்த மிதப்பு ஊருக்கு இன்னும் போகவில்லை. அப்புறம் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மலைப்பாதை வருடக்கணக்கில் வண்டியில்லாமல் கிடந்தது. அந்த நாட்களில் கேரளா போகிறவர்களெல்லாம் புளியறை செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்று பரோட்டா தின்று பொழுதைப் போக்கினார்கள்.

கட்டடமும் அந்தச் சரித்திரத்தைப் போல ஒட்டுப்போட்டதுதான். எவன் எவனோ வந்து இடித்திருக்கிறான், சேர்த்திருக்கிறான், மஞ்சள் அடித்திருக்கிறான். எது பழையது எது புதியது என்று தெரிய வேண்டுமானால் விரலை மடக்கிச் சுவரைத் தட்ட வேண்டும். பழைய சுவர் பேசாது. புதுச்சுவர் உடனே பதில் சொல்லும். நான் தட்டிக்கொண்டே நடந்தேன். கட்சிக்காரரும் எனக்குப் பின்னால் தட்டிக்கொண்டே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பழைய பகுதியைக் கட்டியவனுக்குச் சாரல் தெரிந்திருக்கிறது. மற்ற ஊர்களில் மழை மேலிருந்து விழும். தென்காசியில் ஆனி, ஆடியில் வருகிற சாரல் பக்கவாட்டில் வரும். செங்கோட்டைக் கணவாய்க்குள் புகுந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு, படுத்தபடியே வந்து முகத்தில் அடிக்கும். குடையை அதற்கு முன்னால் கேடயமாகப் பிடிக்க வேண்டும், தலைக்கு மேலே பிடித்துப் புண்ணியமில்லை. அதனால்தான் பழைய ஓட்டுக்கூரையின் இறவாரத்தை, ஆள் குனிந்து போகிற அளவுக்கு மேற்குப் பக்கம் தாழ இறக்கியிருக்கிறான். அதற்குப் பக்கத்திலேயே, பின்னால் வந்த மகாராசன் ஒருவன் தகரக்கூரையை ஆகாசத்தில் போட்டிருக்கிறான். சாரல் அதற்குக் கீழே தலைகூடக் குனியாமல் நடந்து வருகிறது. சீசனில் அந்தக் கூரையடியில் நிற்கிற குற்றாலத்துக் கூட்டம், அருவியில் குளித்த ஈரம் காய்வதற்குள் பிளாட்பாரத்தில் இரண்டாம் தடவை குளிக்கும். தூண்களில் எல்லாம் துண்டு காயும். ஊர் முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு ரயிலேறுகிற ஜங்ஷன் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் அன்றுதான் கவனித்தேன். ஸ்டேஷனுக்கு முகம் இரண்டு. ஒன்று ஊரைப் பார்க்கிறது, ஒன்று வண்டியைப் பார்க்கிறது. கொல்லைப்புறமே இல்லாத கட்டடம். வீடாக மாற்றினால் அடுக்களையை எங்கே வைப்பது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, கட்சிக்காரர் பிளாட்பாரத்தின் கோடியில் மஞ்சள் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். மூன்று மொழியில் ஊர்ப்பெயர். அதற்குக் கீழே, எல்லா ஸ்டேஷனிலும் இருப்பதுபோல, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் உயரம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

"ரயிலேற வாறவனுக்கு இது எதுக்கு? எவன் வாசிக்கான்?" என்றேன். தேவையில்லாத வரிகளைக் கண்டால் எனக்கு ஆகாது.

"நான் வாசிப்பேன்க்கா" என்றார். "எறங்குன உடனே மொதல்ல இதத்தான் வாசிப்பேன். இதுல கடல்னு ஒரு வார்த்த இருக்கு பாத்தியளா? அதப் படிச்சாத்தான் கடலத் தாண்டி வந்தாச்சுன்னு மனசு நம்பும்."

அந்தப் பலகைக்கும் வீட்டில் இடம் விடச் சொன்னார். விட்டேன்.

பிளான் தயாரானதும் இரண்டு பேரையும் ஆபீசுக்கு வரச்சொன்னேன். பெரிய சண்டை நடக்கும் என்று டீயைச் சண்டைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். தாழ்ந்த இறவாரத்தை அவள் ஒத்துக்கொண்டாள், துணி நனையாது என்பதால். உயரமான காற்றுஜன்னல்களையும் ஒத்துக்கொண்டாள். கொல்லைப்புறம் இல்லை என்றதும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பம் கருவாட எங்க காயப்போட? பிளாட்பாரத்துலயா?"

கொல்லைப்புறம் வந்தது. அடுத்தது, ஹாலில் அவர் ஆசையாகக் கேட்டிருந்த அரைவட்ட டிக்கெட் ஜன்னல்.

"இதுல யாரு உக்காரணும்? நானா? நான் உக்காந்து இவியளுக்கு டிக்கெட்டு கிழிச்சுக் குடுக்கணுமோ?"

நான் பென்சிலை எடுத்து, ஜன்னலை ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவிலிருந்த சுவருக்கு மாற்றினேன். அவள் சற்று யோசித்தாள். "இதுல சோறு வரும், டிக்கெட்டு வராது. சரின்னா வையுங்க" என்றாள்.

மேற்கே மலையைப் பார்த்து, பிளாட்பாரம் மாதிரியே நீளமாக ஒரு தாழ்வாரம் வைத்திருந்தேன். அவர் விரலை வைத்துத் தேடினார். "இதுல இருந்து வெளிய எறங்கப் படி எங்கக்கா?"

"பிளாட்பாரத்துல இருந்து தண்டவாளத்துக்குப் படி உண்டா? நீங்கதான அச்சு அசலா வேணும்னிய?"

மனிதர் மடக்கப்பட்டது தெரிந்து சிரித்தார். அவள் கேட்ட வழியில் என்னால் ஆனது அந்த அளவுதான். தெருவுக்கு இறங்க முன்வாசல் ஒன்றுதான், கொல்லைக்கதவுகூட வேலிக்குள்ளேதான் திறக்கும். செங்கல்லையும் சிமெண்டையும் வைத்து ஒரு ஆளை நிறுத்த முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எழுந்து போகும்போது அவள் வாசலில் நின்று சொன்னாள்.

"அவ்வளவு ஸ்டேஷன் ஆசன்னா செங்கோட்ட ஸ்டேஷன் மாதிரி கெட்டச் சொல்லியிருக்கலாம்."

"ஏன், அது அழகா இருக்குன்னா?" என்று அவர் கேட்டார்.

"அழகுக்குச் சொல்லல மச்சான். மெட்ராஸ்ல இருந்து வாற வண்டி தென்காசியில ஒரு மூச்சு நிக்கும், போயிரும். செங்கோட்டையில போயித்தான் படுக்கும். எனக்கு வண்டி வந்து படுக்குத ஸ்டேஷன்தான் வேணும்."

நான் ஏற்கெனவே அழித்த கோட்டையே ரப்பரால் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தேன். டீ யாரும் குடிக்காமல் ஆறிப்போனது.

வேலை ஆரம்பித்தது. கொத்தனார் அண்ணாச்சி குசும்பு பிடித்தவர். "மேடம், சிக்னல் எந்தப் பக்கம் நடணும்?" என்று தினமும் ஒரு கேள்வி வைத்திருப்பார். சுவர் எழும்பியதும் தெருக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, வண்டி லேட்டா?" என்று கேட்காமல் ஒருவரும் அந்த வழியாகப் போகவில்லை. பூச்சு முடிவதற்குள் பேரும் நிலைத்துவிட்டது, ஸ்டேஷன் வீடு. குற்றாலம் போகிற மினிபஸ்காரர்கள்கூட அந்தத் திருப்பத்தில் "ஸ்டேஷன் வீடு எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள்.

அதனால் வந்த வினையைச் சொல்ல வேண்டும். வெள்ளையடித்து, கதவு மாட்டி, பாத்திரம் பண்டமெல்லாம் இறக்கிக்கொண்டிருந்த ஒரு நாள். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. நான் கடைசியாகச் சரிபார்க்கப் போயிருந்தேன். குற்றாலத்திலிருந்து திரும்பிய மினிபஸ் நின்றது. கண்டக்டர் கூவியதில் "ஸ்டேஷன்" மட்டும் காதில் விழுந்து, "வீடு" சாரலில் கரைந்திருக்க வேண்டும். வெளியூர்க் குடும்பம் ஒன்று, ஈரத்தலையும் நேந்திரம் சிப்ஸ் பையும் சூட்கேசுமாக இறங்கியது. தாழ்ந்த இறவாரம், நீளத் தாழ்வாரம், அதன் கோடியில் இன்னும் எழுதாத மஞ்சள் பலகை. அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நேரே உள்ளே வந்து, பெட்டியை அடுக்கி, தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து மலையைப் பார்த்தார்கள். குடும்பத் தலைவர் ஹாலுக்குள் வந்து அரைவட்ட ஜன்னலில் குனிந்தார்.

"மெட்ராஸ் வண்டி கரெக்ட் டைமாங்க?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரிப்பை அடக்கத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவளோ கத்தியைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னாள்.

"ஏறுத ஸ்டேஷன் இன்னும் கிழக்க போவணும். இது எறங்குத ஸ்டேஷன். இங்கன எறங்கத்தான் செய்வாவ, ஏற மாட்டாவ."

சொன்னது அந்த மனிதரிடம். ஆனால் ஹாலின் இன்னொரு மூலையில் ஸ்டூல் மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தவர், கையில் பல்போடு அப்படியே நின்றுவிட்டார். அவர் அங்கே இருந்தது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு அதே ஜன்னல் வழியாக டீ கொடுத்தாள். அவர் ஆட்டோ பிடித்து அவர்களை நிஜ ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார். வண்டி கிடைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

குடிபோகிற நாள் வந்தது. லீவும் தீரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். துஆ ஓதி, பால் காய்ச்சி, வந்த சனத்துக்கெல்லாம் டம்ளரில் பால் போய்க்கொண்டிருந்தது. அவள் வெளுத்த முகத்தோடு சிரித்துக்கொண்டே வரவேற்றாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "எப்பம் கிளம்புதாவ?" என்று அவளிடமே கேட்டாள். நல்ல நாளும் அதுவுமாக அப்படிக் கேட்டவளை ஓர் அறை விடலாமா என்று எனக்கு வந்தது.

தாழ்வாரத்துக் கோடியில் இருந்த மஞ்சள் பலகையை அவர் இடுப்பில் கட்டிப் பழசான ஒரு சாரத்தால் மூடிவைத்திருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் காட்டவில்லை. பெயிண்டரை அவரே தனியாகப் பிடித்திருக்கிறார். யாரோ பெரியவர் வந்துதான் திறக்க வேண்டும் என்று பேச்சு. பெரியவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கணவாய்க் காற்றுக்குப் பொறுமை இல்லை. சாரலோடு ஒரு வீச்சு வீசியதில் சாரம் பிய்த்துக்கொண்டு பறந்து, வேலியில் போய் விழுந்தது.

மஞ்சளில் கறுப்பு எழுத்து. ஸ்டேஷன் பலகை மாதிரியே மூன்று மொழி: தமிழ், அரபி, மலையாளம். மூன்றிலும் ஒரே சொல்தான் என்று பக்கத்தில் நின்றவர் வாசித்துச் சொன்னார். வீடு. அதற்குக் கீழே, ஸ்டேஷனில் உயரம் எழுதுகிற இடத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி.

"கடலுக்கு இந்தப் பக்கம்."

கூட்டத்தில் பாதிப்பேருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கோபக்காரி என்று ஊரில் பேர் வாங்கிய நான், அத்தனை பேர் நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். சாரல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் பலகைக்குப் பக்கத்தில் போய் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒரு தடவை வாசித்தால் நம்புகிற பெண் இல்லை. திரும்ப வாசித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நெசமாவா மச்சான்? கம்பெனி?"

"சொல்லியாச்சு. பல்பு மாட்டுன அன்னைக்கே போன் போட்டுச் சொல்லியாச்சு. வண்டி படுத்துட்டு. இனி ஊருக்குள்ளயே ஷண்டிங்குதான்."

அவள் அழுவாள் என்று நான் துண்டோடு தயாராக இருந்தேன். அவள் அழவில்லை. டம்ளர்களைப் பார்த்தாள், வாசலில் இன்னும் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாள்.

"அப்பம் ஷண்டிங் அடிச்சிப் போயி பால் வாங்கிட்டு வாங்க. இருக்கது காணாது."

அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, படியில் நின்று, பழக்கதோஷத்தில் திரும்பிச் சொன்னார். "வாறேன்."

அவள் அடுப்பில் என்ன பொங்குகிறது என்று பார்க்க உள்ளே போய்விட்டாள்.